இருபத்திரண்டு நிமிடம், எதிர்க்காற்றில் இருபத்தெட்டு

ஜூன் 12

அக்கா,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்று தெரிந்ததால் எழுதுகிறேன். நேற்று மாலையிலிருந்து அணைத்தே வைத்திருக்கிறாய். இந்தக் கடிதத்தை விமானி நெட்டையின் சட்டைப் பையில் நானே வைத்து, "எங்க அக்கா கையிலதான் குடுக்கணும்" என்று சொல்லி அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று எனக்குக் காது குத்தாதே.

நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. ஒரே ஒரு கேள்வி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உன் தீவின் மேல் மேகம் இருந்ததா, இல்லையா?

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். நிலையம் என்ன பெரிய நிலையம், ஒரு தகரக் கூரையும் நாலு பெஞ்சும்தான். ஒன்பது பேர் உட்காரும் விமானம் என்பதால் என்னையும் எடை பார்த்தார்கள், பையையும் எடை பார்த்தார்கள். பிறகு கவுன்ட்டர்க்காரர் வானிலை கேட்க உன் ஓடுதள அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு வைத்தார். "உங்க அக்காதான் பேசினாங்க. அங்க மேகம் தரையைத் தொடுதாம். இன்னைக்கு விமானம் இல்ல" என்றார். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? இந்த ஈரத்தில் அக்காவுக்கு மூச்சு இழுக்குமே என்று உனக்காகப் பரிதாபம் வேறு பட்டேன். மறுநாளும் அதே பை, அதே எடை, அதே பதில். புதன்கிழமையும் அப்படியே. பாப்பாவை இங்கே பள்ளியில் சேர்க்க வியாழக்கிழமைதான் கடைசி நாள், அதுவும் போயிற்று. கடையில் மெஷினை இரவல் கேட்டு உட்கார்ந்து தைத்த இரண்டு செட் சீருடையும் என் அலமாரியில் மடித்தபடி கிடக்கிறது.

சரக்குப் படகில் போகலாம் என்றால் இந்தப் பதினைந்து நாளும் கடல் சரியில்லை, படகு கிடையாது. உன் தீவுக்கும் என் தீவுக்கும் எண்பத்தெட்டு கிலோமீட்டர். விமானத்தில் இருபத்திரண்டு நிமிடம், எதிர்க்காற்று என்றால் இருபத்தெட்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். "கூப்பிட்ட குரலுக்கு வந்துடலாம்டி, அவ்வளவுதான் தூரம்" என்று சொல்லித்தான் என்னை இங்கே வேலைக்கு அனுப்பினாய்.

நேற்று பள்ளி விட்டு வந்த பாப்பா, நீ வேலையிலிருந்து திரும்புவதற்குள் எனக்குப் போன் செய்தாள். "விமானம் ரிப்பேராமே? சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். "ரிப்பேர் இல்லடா கண்ணு, உங்க ஊர்ல மேகம்" என்றேன். சிரித்தாள். "மேகமா? மூணு நாளா வெயில் சுள்ளுன்னு அடிக்குது. போர்வையெல்லாம் தோய்ச்சுக் காயப் போட்டோமே" என்றாள்.

எனக்கு மேகம் என்றும் அவளுக்கு ரிப்பேர் என்றும் சொல்லியிருக்கிறாய். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளையை, அங்கே அதற்கு மேல் வகுப்பு இல்லை என்பதற்காக, மறுபடியும் நாலாம் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறாயாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் பதில் எழுது. மேகம் இருந்ததா?

தங்கை

ஜூன் 13

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இருபத்தொரு வருடமாக இந்த ஓடுதளத்தில் காற்றையும் மேகத்தையும் பார்த்துச் சொல்கிறேன். என் வாயிலிருந்து வரும் வார்த்தையை நம்பித்தான் ஒன்பது பேரும் நெட்டையும் கிளம்புகிறார்கள். என்னிடம் வந்து மேகம் இருந்ததா என்று கேட்க உனக்கு எவ்வளவு துணிச்சல்! வீடு இருப்பது மலைக்கு இந்தப் பக்கம், ஓடுதளம் அந்தப் பக்கம். இங்கே போர்வை காயும்போதே அங்கே மேகம் இறங்கும். ஒன்பது வயதுப் பிள்ளை கொடியில் துணி காய்ந்ததைச் சொன்னாளாம், இவள் உடனே என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறாளாம். வானம் உன் கடையில் தைக்கிற சட்டை இல்லை, அளவு கொடுத்து வாங்கிக்கொண்டு போக.

நாலாம் வகுப்பைப் பற்றிக் கேட்டாய். அடுத்த வருடம் இங்கேயே ஐந்தாம் வகுப்பு திறக்கப் போகிறார்கள். அதுவரை வீட்டில் நான் சொல்லித் தருகிறேன். ஒரு வருடத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தூரத்தைப் பற்றி நீ பேசலாமா? நீ பாப்பா என்கிற என் வாலுவை என் கையில் கொடுத்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். உன் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியிருந்தார். நீ வேலைக்குப் போன இடத்தில் பெண்கள் விடுதிதான், கைக்குழந்தைக்கு இடமில்லை. அதே ஓடுதளத்தின் வேலி ஓரத்தில் நின்று என்ன சொன்னாய்? "உன் பிள்ளைன்னே நெனச்சுக்கோக்கா" என்றாய். நான் நினைத்துக்கொண்டேன். பல் முளைத்தபோதும், காய்ச்சல் வந்தபோதும், தண்ணீர்த் தொட்டியில் ஏறி விழுந்து கை உடைந்தபோதும் நினைத்துக்கொண்டேன். இப்போது வந்து நினைத்ததைத் திருப்பிக் கொடு என்றால் எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பது?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மூன்று வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். நகரத்துக்குப் போகிற விமானம் இங்கே இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போகும். ஒருநாள் அதில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தாய். எண்ணெய் போடுகிற அண்ணன் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க தங்கச்சி உள்ள உக்காந்திருக்கு, துப்பட்டாவை இழுத்து மூஞ்சியை மூடிக்கிச்சு" என்றார். நான் நம்பவில்லை. அவரோடு சண்டைகூடப் போட்டேன். இறங்கி நாலு எட்டு வைத்தால் உன் பிள்ளை. அன்றைக்கு அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லா விமானத்துக்கும் கை ஆட்டுவாள் அவள்.

அந்தத் தூரம் எத்தனை நிமிடம் என்று நீ சொல்லு.

அக்கா

ஜூன் 15

அக்கா,

சொல்கிறேன்.

அன்றைக்கு நான் அந்த விமானத்தில் இருந்தது உண்மை. முகத்தை மூடிக்கொண்டதும் உண்மை. கம்பி நீட்டியவருக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அழுது வீங்கிய முகம் அது. ஆனால் இறங்காததற்குக் காரணம் அதுவல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பாப்பா உன் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன்னைப் பார்த்து, "அம்மா, இந்தச் சித்தி எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டாள். உன்னை அம்மா என்றாள், என்னைச் சித்தி என்றாள். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது திருத்துவாய், இப்போது திருத்துவாய் என்று. நீ தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாய்.

முதலில் உன்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எப்போது மாறியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றதை நானும் பார்த்தேன் அக்கா. இறங்கி வந்து இன்னொரு முறை சித்தி என்று கூப்பிடக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள். பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

இப்போது மேகத்துக்கு வருகிறேன். மலை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று என்னென்னவோ பூசி மெழுகியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை நெட்டை உன் தீவைத் தாண்டி மூன்றாவது தீவுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோயிருக்கிறார். நேற்று அவரைப் பிடித்துக் கேட்டேன். "உங்க அக்கா தீவு மேல பஞ்சுத் துண்டு அளவுகூட மேகம் இல்லையேம்மா" என்றார். "அப்ப ஏன் நீங்க இறங்கல?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தரையில நிக்கறவங்க கூடாதுன்னா கூடாதுதான். மேலேர்ந்து பாக்கறது வேற. உங்க அக்கா சொல்லி நான் ஒருநாளும் தப்பா போனதில்ல" என்றார்.

அந்த மனுஷன் தன் கண்ணைவிட உன் வாயை நம்பியிருக்கிறார். அவரையுமா ஏமாற்றினாய்? வாய் கூசவில்லையா உனக்கு?

எனக்கு இப்போது விடுதி இல்லை. இரண்டு அறை வீடு இருக்கிறது. ஜன்னலோரம் அவளுக்கு மேஜை போட்டு வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக ஊசியும் நூலுமாகக் கிடந்தது இதற்குத்தான். நெஞ்சில் கை வைத்துச் சொல். இல்லையென்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன்.

தங்கை

ஜூன் 18

தங்கச்சிக்கு,

மேகம் இல்லை.

மூன்று நாளும் இல்லை. மலை உச்சி தெரிந்தது. ஓடுதளத்தின் அந்தக் கோடியில் மேய்ந்த ஆட்டின் கழுத்துக் கயிறுகூடத் தெரிந்தது. தெரிந்தே சொன்னேன். போதுமா?

எப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொள். போன மாதம் ஒருநாள் மாலை நீ போனில் வாலுவிடம் பேசிக்கொண்டிருந்தாய். பேச்சுக்கு நடுவில் அவள் என்னிடம் ஓடிவந்து, "நான் எத்தனை கிலோன்னு கேக்கறாங்க" என்றாள். "உனக்குப் புதுச் சட்டை தைக்கத்தான் இருக்கும்" என்று அவளிடம் சொல்லி, நானே அவளைக் கடைக்குக் கூட்டிப் போய் எடை பார்த்தேன். இருபத்தாறு கிலோ. தையல்காரி எடையா கேட்பாள், உயரம் அல்லவா கேட்பாள்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தங்கச்சி பிள்ளைக்குச் சட்டை தைக்கிறாள் என்று சந்தோஷம் வேறு.

திங்கட்கிழமை காலை ஓடுதளத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கவுன்ட்டர்க்காரர் போன் போட்டார். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எப்போதும் போலச் சொன்னார். வருகிறவர்களில் நீ இருந்தாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வருகிறாளே, அதிசயமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "நாளைக்கு உங்க தங்கச்சி திரும்பும்போது கூட ஒரு குழந்தை இருக்கு, இருபத்தாறு கிலோ, கணக்குல சேத்துக்குங்க" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் தங்கச்சி சொல்லித் தெரியவில்லை. யாரோ ஒருவர் சாமான் கணக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். நீ வந்து, ஒரு ராத்திரி என் வீட்டில் சாப்பிட்டு, காலையில் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். நான் உனக்கே வானிலை சொல்லி வழியனுப்பி வைத்திருக்க வேண்டும். இதுதானே திட்டம்? இதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

"மேகம் எப்படிம்மா?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. "தரையைத் தொடுது" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். எண்ணெய் போடுகிற அண்ணனிடம் அங்கே விமானம் ரிப்பேர் என்றேன். வாலுவிடமும் அதையே சொன்னேன். இரண்டாம் நாள் சுலபமாக இருந்தது. மூன்றாம் நாள், புதன்கிழமை, போனை வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காக அழவில்லை. இருபத்தொரு வருடத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை, அதற்காக அழுதேன். அதையும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

நேரே வந்து, "அக்கா, எனக்கு என் பிள்ளை வேணும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். கத்தியிருப்பேன். கொடுத்தும் இருப்பேன். இப்போது எழுது, யாருக்கு வேண்டுமானாலும் எழுது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

எழுதிவிட்டேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறாய். போன வருடம் தொடங்கியே கேட்கவில்லையா? "அவளை இங்க கொண்டுவந்துடலாம்னு பாக்கறேன்" என்று சொன்ன போதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம், மழைக்காலம் முடியட்டும்" என்றாய். அதனால்தான் சொல்லாமல் கிளம்பினேன். அது ஒளிவுமறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஒளித்தது ஒரு டிக்கெட்டை. நீ ஒளித்தது சூரியனை.

பள்ளியில் ஒரு பிள்ளை விலகியதால் ஓர் இடம் காலியாம். வெள்ளிக்கிழமைக்குள் பாப்பாவோடு வந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். பை கட்டி வை. கவுன்ட்டர்க்காரரிடமும் நெட்டையிடமும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். இந்த முறை மேகக் கதை எடுபடாது.

தங்கை

ஜூன் 25

பாவி,

உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தாயா? மாலை வரை காத்திருந்து கவுன்ட்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்ற அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாலுவுக்கு நேற்றே பை கட்டிவிட்டேன். தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுக் காலையிலேயே ஓடுதளத்துக்குக் கூட்டி வந்தேன். உன் மேல் கோபம் போகவில்லை, ஆனாலும் அனுப்பத்தான் இருந்தேன். என் அறை வாசலில் பை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விடிகாலையில் மேகம் இறங்க ஆரம்பித்தது. முதலில் மலை போனது. பிறகு ஓடுதளத்தின் அந்தக் கோடி போனது. போன் மணி அடித்தபோது பத்தடியில் இருக்கிற எண்ணெய் வண்டிகூடத் தெரியவில்லை. "மேகம் தரையைத் தொடுது, இன்னைக்கு வேண்டாம்" என்றேன். கவுன்ட்டர்க்காரர் சிரித்தார். "இன்னைக்குமா? உங்க தங்கச்சி எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. நெட்டை நேர்லயே வந்து பாத்துக்கறாராம்" என்றார். "ஐயா, இது நிஜம், சத்தியமா நிஜம்" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு நிமிடம் அந்த அறையில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? எதிர்க்காற்று வேறு, இருபத்தெட்டு ஆனது. வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் போங்க, தரை தெரியல, திரும்பிப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நெட்டை பதிலே பேசவில்லை. பிறகு தலைக்கு மேல் சத்தம் கேட்டது. விமானம் தெரியவில்லை, வெறும் சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது. வாலு எழுந்து வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முதல் சுற்று போய்விட்டு வந்தது. இரண்டாவது சுற்றில் அவர் குரல் வந்தது. "நிஜமாவாம்மா?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. என்ன சொன்னேனோ எனக்கே தெரியாது. அழுதுகொண்டே கத்தியிருக்கிறேன். சத்தம் மெல்ல விலகிப் போனது. எண்ணெய் போடுகிற அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னைப் பழி வாங்க உன் உயிரையும் நெட்டையின் உயிரையுமா பணயம் வைப்பாய்? பிள்ளை இங்கே கேட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று நினைக்கவே இல்லையா?

அக்கா

ஜூன் 27

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன்.

உள்ளே எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை. பின்னால் ஒரு பெரியவர் வாந்தி எடுத்தார். இரண்டாவது சுற்றில் ஒரு நொடி வெள்ளை கிழிந்தது. உங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, பாப்பா விழுந்து கை உடைத்துக்கொண்டதே, அந்தத் தொட்டி கையை நீட்டினால் தொடுகிற மாதிரி வந்தது. நெட்டை "அம்மாடி" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். செத்தோம் என்று நினைத்தேன். பாப்பா மேலேயே விழுந்து சாகப் போகிறோம் என்று நினைத்தேன்.

இங்கே திரும்பி இறங்கியதும் அவர் என்னைப் பார்க்காமலே நடந்து போய்விட்டார். கிளம்பும் முன் அவருக்குத் தயக்கம் இருந்தது. "அம்பத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்கும்மா இது" என்றார். நான்தான் விடவில்லை. "அவ பொய் சொல்றா, என் கூடப் பொறந்தவ, எனக்குத் தெரியாதா" என்றேன். கூட ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன்.

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ நிஜத்தைச் சொன்னபோது ஒரு ஆள்கூட நம்பவில்லை என்றால் அதைச் செய்து வைத்தது நீ. நம்பாமல் ஏறியது நான். இரண்டையும் யார் தலையில் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேலதிகாரிக்கு எழுதியதைத் திரும்ப வாங்கப் போவதில்லை. வாங்கக் கூடாது என்று இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பள்ளியில் அந்த இடம் போய்விட்டது. போகட்டும். வேறு பள்ளி பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதே. மேகம், பொய், நான் எழுதிப் போட்டது எதுவுமே அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னை அவள் எப்படியும் சித்தி என்றுதான் நினைக்கிறாள். அவளுக்காவது நீ நல்லவளாகவே இரு. உன்னிடமிருந்து அதையும் பிடுங்கினேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

தங்கை

ஜூலை 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வாலுவுக்குத் தெரிந்துபோயிற்று. விமானம் தலைக்கு மேல் சுற்றிவிட்டுத் திரும்பியதைப் பற்றி ஊரே பேசியது. இவ்வளவு சின்ன ஊரில் எதைத்தான் மூடி வைப்பது? மறுநாள் எண்ணெய் போடுகிற அண்ணன் வாசலில் நின்று என்னைக் கேட்டார். "ரிப்பேர்னு சொன்னியேம்மா, என்கிட்ட எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றார். வாலு உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்து நின்றாள். "அன்னைக்கு மேகம் இல்லைல்ல? நாமதானே போர்வை காயப் போட்டோம்?" என்றாள். இல்லை என்றேன். "யாருக்காகப் பொய் சொன்னீங்க?" என்றாள். "உனக்காகத்தான்" என்றேன். "நான் கேக்கலையே" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நீங்க என்று என்னை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நீ யார் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மேலதிகாரியின் உத்தரவு நேற்று வந்தது. இனி நான் மேகம் பார்க்க வேண்டியதில்லை, சாமான் அறைப் பொறுப்பு. வரும் திங்கட்கிழமை புதிதாக ஒருத்தர் வருகிறார். அவர் சொல்வதை எல்லாரும் நம்பலாம். அதற்கடுத்த நாள் நீ வா. பை கட்டியது கட்டியபடியே இருக்கிறது. முழங்கைத் துணி சீக்கிரம் கிழியும், அந்த இடத்தில் இரட்டைத் தையல் போடு. ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாள். பால் குடித்ததாகச் சொன்னால் டம்ளரைப் பார்த்துவிட்டு நம்பு.

இன்னொன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்பாள். வராது என்றால் கையை வீசிக்கொண்டு போவாள். மற்ற பிள்ளைகள் குடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "எங்கம்மா சொல்லிட்டாங்க, வராது" என்று அவர்களைக் கேலி செய்வாள். ஐந்து வயதிலிருந்து இப்படித்தான். ஒருநாளும் நனைந்ததில்லை, ஒருநாளும் சும்மா சுமந்ததில்லை.

போன திங்கட்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கேட்கவில்லை. நானாகவே, "மழை வராது வாலு" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே போய்க் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். ஒரு துளி மேகம் இல்லை. மறுபடி உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. சாயங்காலம் விரிக்காத குடையோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா